ஆடிக்கு ஒலிபெருக்கி! வெள்ளத்திற்கு மௌனமா?

தாம்பரத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் ஆடி மாதம் பிறந்துவிட்டால் தெருமுனைதோறும் ஒலிபெருக்கி கட்டப்படுவதை யாவரும் அறிவார்கள். விடியற்காலையிலேயே அம்மன் பாட்டு ஆரம்பித்துவிடும். நோயாளி தூங்க வேண்டுமே, பள்ளிப் பிள்ளை படிக்க வேண்டுமே, இரவு வேலை முடிந்து கடைசி ரயிலில் வந்தவன் சற்றுக் கண்ணயர வேண்டுமே என்கின்ற கவலை யாருக்கும் இருப்பதில்லை. தேர்தல் வந்துவிட்டாலோ, ஆட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு சந்து பொந்தெல்லாம் புகுந்து, ஆளின் பேரையும் சின்னத்தையும் நாளைக்குப் பத்துத் தடவை நம் காதில் போட்டுவிட்டுப் போகின்றார்கள். ஆகவே நம் ஊரில் ஒலிபெருக்கிக்குப் பஞ்சம் என்றோ, சந்துக்குள் செய்தி கொண்டுபோக வழியில்லை என்றோ யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஏரி நிரம்பி ஆறு கரை புரளுகின்ற இரவில், "இத்தனை மணிக்கு இந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரும், இன்ன பள்ளிக்கூடத்திற்குப் போய்விடுங்கள்" என்று சொல்ல இவற்றில் எத்தனை ஒலிபெருக்கிகள் வாய் திறக்கின்றன என்று கேட்கின்றோம்.

இது விளையாட்டுக்குக் கேட்கும் கேள்வியல்ல. 2015-ம் வருஷம் டிசம்பர் மாதம் 1-ந் தேதி பெய்த மழையை இந்தப் பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்று வெள்ளம் மீனம்பாக்கம் விமான நிலையத்தின் ஓடுபாதையையே மூடிப் பல நாள் விமானங்களை நிறுத்தியது. மின்சாரம் போயிற்று, அதைத் தொடர்ந்து பல இடங்களில் செல்போன் கோபுரங்களின் உயிரும் போயிற்று. மறைமலைநகரிலுள்ள அச்சுக்கூடத்திற்கு வேலையாட்கள் போய்ச் சேர முடியாமையால், 1878-ல் தோன்றிய 'தி இந்து' ஆங்கிலப் பத்திரிகைகூட டிசம்பர் 2-ந் தேதி சென்னையில் அச்சாகவில்லை. நூற்றாண்டு கடந்த பத்திரிகையும் நின்றது, நேற்று வந்த செல்போனும் நின்றது. நிற்காமல் வந்தது தண்ணீர் ஒன்றுதான்.

இந்த வெள்ளத்தைக் குறித்து இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரி கொடுத்த அறிக்கை 2018-ல் சட்டசபையில் வைக்கப்பட்டது. அதில் இது மனிதனால் உண்டான கேடு என்றே எழுதப்பட்டிருந்தது. வருணபகவான் தலையில் போட்டுவிட்டுச் சும்மா இருக்கலாம் என்று நினைத்தவர்களுக்கு அந்த வசதி இல்லாமற் போய்விட்டது.

வெள்ளம் வடிந்த பிறகு ஒரு வாக்குவாதம் நடந்தது. "எச்சரிக்கை கொடுத்தோம்" என்றார்கள் உத்தியோகஸ்தர்கள். "எங்களுக்கு வந்து சேரவில்லை" என்றார்கள் ஜனங்கள். இருவருமே உண்மையைத்தான் பேசியிருக்கலாம். ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்திற்குக் காகிதம் போனதும், அங்கிருந்து பத்திரிகைக்காரர் கைக்கு ஒரு நகல் போனதும் எச்சரிக்கை கொடுத்ததாகவே ஆகும். ஆனால் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, குழந்தையைத் தூக்குவதா ரேஷன் கார்டைத் தேடுவதா என்று தவித்தவளுடைய காதில் விழாத எச்சரிக்கை எச்சரிக்கையாகுமா? கடிதத்தை எழுதிச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, "நான் எழுதியாய்விட்டது" என்று சொல்லுகின்றவனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? செய்தி என்பது புறப்பட்ட இடத்தில் கணக்குப் பார்க்க வேண்டிய சரக்கல்ல. போய்ச் சேர்ந்த இடத்தில் கணக்குப் பார்க்க வேண்டிய சரக்காகும்.

எந்தத் தண்ணீர், எந்தத் தெரு?

இதில் இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும. மழைக்காலம் வந்தால் எல்லோர் வாயிலும் செம்பரம்பாக்கம் என்கின்ற ஒரே பேர்தான் அடிபடுகின்றது. 24 அடி முழுக் கொள்ளளவில் எத்தனை அடி நிரம்பிற்று என்று முடிச்சூரிலும் கேட்கின்றார்கள், வரதராஜபுரத்திலும் கேட்கின்றார்கள். ஆனால் செம்பரம்பாக்கத்து உபரிநீர் அடையாற்றில் வந்து சேருவது திருநீர்மலைக்குப் பக்கத்தில். முடிச்சூரும் வரதராஜபுரமும் இருப்பதோ அதற்கு மேலே. அவ்வூர்களை மூழ்கடிப்பது ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் முதலிய ஏரிகளிலிருந்து கலங்கல் வழியாய் வழிந்து வரும் தண்ணீராகும். அனகாபுத்தூர்க்காரனுக்கும் சைதாப்பேட்டைக்காரனுக்கும் செம்பரம்பாக்கத்துச் செய்தி உயிர்காக்கும் செய்தி. முடிச்சூர்க்காரனுக்கோ அது பக்கத்து வீட்டுக்காரன் ஜுரத்திற்குத் தனக்கு மருந்து கேட்டது போலாகும்.

இதை அவனுக்கு யார் எடுத்துச் சொன்னார்கள்? தண்ணீருக்கு எல்லை தெரியாது. இலாகாக்களுக்கு எல்லையைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஏரி நீர்வள இலாகாவினுடையது, மழை வானிலை இலாகாவினுடையது, தெரு பஞ்சாயத்தினுடையது. 2019-ல் செங்கல்பட்டு ஜில்லா தனியாகப் பிரிந்த பின் முடிச்சூர் ஒரு ஜில்லாவிலும், அதை ஒட்டிய வரதராஜபுரம் காஞ்சிபுரம் ஜில்லாவிலும் ஆயின. 2021-ல் தாம்பரம் மாநகராட்சி உண்டாக்கப்பட்டபோது பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், பெருங்களத்தூர், திருநீர்மலை எல்லாம் அதில் சேர்ந்தன, முடிச்சூர் சேரவில்லை. ஆற்றுக்கு இதெல்லாம் தெரியுமா? எல்லைக்கல்லைக் கண்டு அது திரும்பிப் போகுமா?

செய்தி இல்லாத இடத்தில் என்ன முளைக்கும்?

உண்மைச் செய்தி போய்ச் சேராத இடம் காலியாக இருப்பதில்லை. அங்கே வதந்தியும், ஜோசியமும், பஞ்சாங்கமும் வந்து பாய் விரித்து உட்கார்ந்துகொள்ளும். 2015 மழையின்போது, அமெரிக்காவின் 'நாசா' பேய்மழை வரும் என்று சொல்லிவிட்டதாக ஒரு புரளி வாட்ஸ்அப்பில் வீடுதோறும் புகுந்தது. வானிலை இலாகா மறுக்க வேண்டியதாயிற்று. வடநெம்மேலி முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி வெள்ளத்தில் வருகின்றன என்று இன்னொரு புரளி. பண்ணைக்காரர்கள் தங்கள் முதலைகளெல்லாம் பத்திரமாய் இருக்கின்றன என்று சொல்ல வேண்டியதாயிற்று. முன்பு புரோகிதன் வடமொழியில் சொன்னான் என்பதற்காக நம்பினோம். இப்பொழுது 'நாசா' சொல்லிற்று என்பதற்காக நம்புகின்றோம். சொன்னது யார், எப்பொழுது, எதைக்கொண்டு சொன்னார் என்று கேட்காதவரையில் இரண்டும் ஒரே மூடநம்பிக்கைதான்.

வெள்ளம் வடிந்த பிறகு, "பஞ்சாங்கத்தில் அப்பொழுதே போட்டிருக்கின்றது" என்று சொல்லவும் ஆட்கள் வந்துவிடுவார்கள். அப்படியானால் எந்தத் தெருவுக்கு எத்தனை அடி தண்ணீர், எத்தனை மணிக்கு வரும் என்று முந்தின நாளே சொல்லியிருக்கலாமே? தண்ணீர் வந்து போன பிறகு சொல்லுவதற்குப் பஞ்சாங்கம் எதற்கு? சுவரிலுள்ள சேற்றுக் கோடே சொல்லுமே!

சாவி யார் கையில்?

"ஐயா, இப்பொழுது எல்லோரிடமும் செல்போன் இருக்கின்றது. முகநூலும் வாட்ஸ்அப்பும் இருக்கும்போது ஒலிபெருக்கி எதற்கு?" என்று சில படித்த தோழர்கள் கேட்கலாம். 2015-ல் நம் வாலிபர்கள் இவற்றைக்கொண்டு எங்கே படகு வேண்டும், எங்கே சோறு வேண்டும், எங்கே கிழவி தனியே மாடியில் நிற்கிறாள் என்று கண்டுபிடித்து எத்தனையோ பேரைக் காப்பாற்றினார்கள். அந்த உபகாரத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதவுக்குச் சாவி யார் கையில் இருக்கின்றது என்பதையும் பார்க்க வேண்டாமா?

2021 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பாருங்கள். பத்திரிகைச் செய்திக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று அந்த நாட்டுச் சர்க்கார் சட்டம் கொண்டுவர, முகநூல் கம்பெனியானது கோபித்துக்கொண்டு அந்நாட்டில் செய்திகளையே அடைத்துவிட்டது. அடைத்த வேகத்தில் வானிலை இலாகா, சுகாதார இலாகா, தீயணைப்பு இலாகா ஆகியவற்றின் பக்கங்களும் சேர்ந்து மறைந்தன. பிறகு தவறு என்று திறந்துவிட்டார்கள்; ஆனால் ஒரு தேசத்து மழைச் செய்தியும் தீச் செய்தியும் ஒரு கம்பெனியின் ஒரு நாள் கோபத்தில் மறையக்கூடும் என்பது நிச்சயமாயிற்று. 2023-ல் கனடாவிலும் அதேவிதமான சட்டத்திற்காக அதே கம்பெனி ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து செய்திகளை அடைக்கத் தொடங்கிற்று. அதே மாதம் 16-ந் தேதி, காட்டுத்தீ நெருங்கியதால் யெல்லோநைஃப் நகரத்தார் சுமார் 20,000 பேர் ஊரைக் காலி செய்ய உத்தரவாயிற்று. எந்தப் பாதை திறந்திருக்கின்றது, தீ எங்கே வந்திருக்கின்றது என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியதை முகநூலில் பகிர முடியவில்லை. செய்தியைப் படம் பிடித்து, கள்ளச் சரக்குப்போல் கைமாற்ற வேண்டியிருந்தது. தடையை நீக்குங்கள் என்று அந்நாட்டு மந்திரிகள் கேட்டும் கம்பெனி நீக்கவில்லை.

கம்பெனி மாத்திரந்தான் கதவைச் சாத்தும் என்று நினைத்துவிடக் கூடாது. சர்க்காரும் சாத்தும். 2019 ஏப்ரல் 21-ந் தேதி இலங்கையில் மாதாகோயில்களிலும் ஓட்டல்களிலும் குண்டு வெடித்தபோது, வதந்தி பரவும் என்று சொல்லி முகநூல், வாட்ஸ்அப் முதலியவைகளைச் சர்க்கார் ஒரு வாரத்திற்கு மேல் நிறுத்தி வைத்தார்கள். கொழும்பு கொச்சிக்கடையிலும் மட்டக்களப்பிலும் தம்மவர் பிழைத்தார்களா என்று தெரியாமல் தவித்த குடும்பங்களுக்கும் சேர்த்தே அந்தக் கதவு சாத்தப்பட்டது. நம் நாட்டிலேயே, 2018 மே 22-ந் தேதி தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டிற்குப் பிறகு, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று ஜில்லாக்களில் இணையம் நிறுத்தப்பட்டது. யார் எந்த ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், எங்கே ரத்தம் வேண்டும் என்று தேடவேண்டிய சமயத்தில் இது நடந்தது. இப்படிப்பட்ட உத்தரவுகளை வெளியிட வேண்டும், காலவரையறை இல்லாமல் நிறுத்தக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டார் 2020 ஜனவரியில் சொன்னது பிற்பாடுதான்.

வதந்தியை அடக்குவதற்காக வாயை அடைப்பது, பூச்சி அரித்த பயிருக்காக வயலையே கொளுத்துவது போன்றது. வதந்திக்கு மருந்து உண்மையை இன்னும் உரக்கச் சொல்லுவதேயன்றி, எல்லோரையும் ஊமையாக்குவதல்ல.

சுயமரியாதைக்காரருக்கு இந்தச் சங்கதி புதிதல்ல. 1924-ல் வைக்கத்தில் நடந்த சண்டை எதற்காக? ரோடு பொது ரோடு. ஜனங்கள் வரிப்பணத்தில் போட்டது. ஆனால் அதில் நடக்கலாமா கூடாதா என்று சொல்லும் உரிமை மாத்திரம் வேறொரு கூட்டத்தின் கையில் இருந்தது. இன்றைக்கு மழையை அளக்கும் கருவி ஜனங்கள் வரிப்பணத்தில் வாங்கியது. ஏரிக்கரையில் மதகைத் திறப்பவர் ஜனங்கள் வரிப்பணத்தில் சம்பளம் வாங்குகின்றவர். ஆகவே அந்தச் செய்தி ஜனங்களுடைய சொத்து. அது அவர்கள் வீட்டுக்கு வருகின்ற வழியில் ஒரு கம்பெனியோ, ஓர் அலுவலகமோ பூசாரியைப்போல் நின்றுகொண்டு, இஷ்டமிருந்தால் விபூதி கொடுப்பது, இஷ்டமில்லாவிட்டால் திரை போடுவது என்றால் அதற்கு நாம் எப்படி ஒப்புக்கொள்ள முடியும்?

பறை நின்றது, ஒலிபெருக்கி வந்ததா?

பழைய காலத்தில் ஊருக்குச் செய்தி சொல்லத் தண்டோரா போட்டார்கள். பறை ஒரு வாத்தியம். அதில் இழிவு ஒன்றுமில்லை. பிறப்பைப் பார்த்து ஒரு ஜாதியாரின் கழுத்தில் மாத்திரம் அதை மாட்டி, ஊர்ச் செய்தியைச் சொல்லவிட்டு, சொன்னவனையே ஊருக்கு வெளியே நிறுத்தியதுதான் இழிவு. 2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு அவர்கள், இனித் தண்டோரா முறை வேண்டாம், வாகனங்களில் ஒலிபெருக்கி பொருத்தி அறிவிக்கலாம் என்று ஜில்லா ஆட்சியர்களுக்கு எழுதினார். மிக நல்ல காரியம். நாம் மனமாரப் பாராட்டுகின்றோம். ஆனால் பாதிக் காரியம் முழுக் காரியமாகாது. பறையை இறக்கியது சுயமரியாதை. அந்த இடத்தில் எல்லோருக்கும் கேட்கும் குரல் ஒன்றை ஏற்றிவைப்பதுதான் நிர்வாகம்.

ஒலிபெருக்கியால் ஆகுமா என்று சந்தேகிப்பவர்கள் 2004 டிசம்பர் 26-ந் தேதியை நினைத்துப் பார்க்கட்டும். புதுச்சேரிக்குப் பக்கத்தில் நல்லவாடு என்று ஒரு மீனவர் கிராமம். மீன்பிடிக்கப் போகிறவர்களுக்குக் கடல் நிலையைச் சொல்ல எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அங்கே ஓர் அறிவு மையமும் ஒலிபெருக்கியும் வைத்திருந்தார்கள். சிங்கப்பூரிலிருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் சுனாமிச் செய்தியைக் கேட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரார் மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் கத்தினார்கள். ஊரே ஓடித் தப்பிற்று. அங்கே கடலம்மனும் காப்பாற்றவில்லை, கம்பெனியும் காப்பாற்றவில்லை. ஒரு தொலைபேசி, ஒரு கம்பத்து ஒலிபெருக்கி, யோசித்து நடந்த நாலு பேர், இவ்வளவுதான் காப்பாற்றியது.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. மாநிலத்திற்கு 1070 என்றும் ஜில்லாவுக்கு 1077 என்றும் உதவி எண்கள் இருக்கின்றன. 2023 அக்டோபரில் சோதனைக்காக நம் செல்போன்களெல்லாம் ஒரே சமயத்தில் அலறியதும் நினைவிருக்கும். இணையம் இல்லாமலே, ஒரு கோபுரத்தின் எல்லைக்குள்ளிருக்கும் எல்லாப் போனுக்கும் எச்சரிக்கை அனுப்பும் அந்த ஏற்பாடு மெத்தச் சிறந்தது. ஆனால் கோபுரத்திற்கு உயிர் இருக்க வேண்டுமே? ஆறே வாரத்தில், டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை வந்தது. முடிச்சூர், வரதராஜபுரம், வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் எல்லாம் மறுபடியும் மூழ்கின. பல இடங்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை, போன் பேசவில்லை.

யார் அதிகமாய்த் தவித்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அடையாற்றங்கரைக் குடிசைகளிலிருந்து கிளப்பி, சதுப்பு நிலத்து ஓரத்திலுள்ள பெரும்பாக்கத்து அடுக்குமாடியில் கொண்டுபோய் வைக்கப்பட்டவர்கள். கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் படுப்பவர்கள். வீட்டில் ஒரே போன் இருந்து, அதையும் புருஷன் எடுத்துக்கொண்டு போய்விட்டபடியால் கையில் ஒன்றுமில்லாத பெண்கள். கண் தெரியாதவர், காது கேளாதவர், நடக்க முடியாத கிழவர்கள். நாலு மாடி வீட்டுக்காரனுக்குச் செய்தி தாமதித்தால் மோட்டார் நனையும். இவர்களுக்குத் தாமதித்தால் உயிர் நனையும்.

ஆதலால் செய்ய வேண்டியவை என்று நமக்குத் தோன்றுவன:

1. மழைக்காலத்தில் ஒவ்வோர் ஏரியிலும் தண்ணீர் எவ்வளவு, எவ்வளவு வெளியேறுகின்றது, அது எந்தெந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு வரும் என்பதை, ஜில்லா எல்லை பாராமல், ஆறு முழுவதற்கும் ஒரே அறிக்கையாக, தமிழில், மணிக்கொரு தரம் வெளியிட வேண்டும். "மக்கள் எச்சரிக்கையாக இருக்கவும்" என்பது செய்தியல்ல, ஆசீர்வாதம்.

2. தாழ்ந்த தெருக்களில், வெள்ளம் எட்டாத உயரத்தில், பாட்டரியில் ஓடும் ஒலிபெருக்கிகளை நிரந்தரமாக வைக்க வேண்டும். கோயில், மசூதி, மாதாகோயில்களில் உள்ளவையும் அந்தச் சமயத்தில் பொது ஆபத்துக்கு வாய் திறக்க வேண்டும்.

3. வானொலியில் மணிக்கொரு தரம் ஊர் பேர் சொல்லிச் செய்தி தரவேண்டும். வீட்டுக்கொரு பாட்டரி ரேடியோ வைத்துக்கொள்வதை ஜனங்களும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

4. ரேஷன் கடை, ரயில் நிலையம், பள்ளிக்கூடம் ஆகிய இடங்களில் கரும்பலகை வைத்து, நேரத்தோடும் எழுதினவர் பேரோடும் செய்தி எழுத வேண்டும். 2015-ல் தண்ணீர் நின்ற மட்டத்தைத் தெருக் கம்பங்களில் வர்ணத்தால் கோடிட்டுக் காட்ட வேண்டும்.

5. தெருவுக்கு நாலு பேர், அதில் இரண்டு பேர் பெண்கள், பழக்கம் கொடுத்து, கூலியும் கொடுத்து நியமிக்க வேண்டும். நடக்க முடியாதவர்கள் ஜாபிதா அவர்களிடம் இருக்க வேண்டும். தமிழறியாத தொழிலாளிக்கு அவன் பாஷையில் சொல்லவும், காதுகேளாதவருக்கு விளக்கால் காட்டவும் அவர்கள் கடமைப்பட்டவர்கள். பிறப்பைப் பார்த்து இந்த வேலையை யார் தலையிலும் கட்டக் கூடாது.

6. செல்போன் கம்பெனிகள் வெள்ளம் எட்டாத உயரத்தில் மாற்று மின்சாரம் வைத்திருக்க வேண்டும் என்பதைக் கண்டிப்பான நிபந்தனையாக்கி, வருஷந்தோறும் பரிசோதிக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்னால் ஜனங்கள் பீதியடைவார்கள் என்று சில பெரிய மனிதர்கள் சொல்லுவார்கள். ஜனங்களுக்கு எதையும் தாங்கும் புத்தி கிடையாது, ஆகையால் அவர்களுக்குத் தெரியாமலிருப்பதே நல்லது என்பது மனுதர்மக் காலத்து வாதம். இருட்டில் தண்ணீர் ஏறும்போது வருவதுதான் பீதி. பகலிலேயே மணியும் வழியும் சொன்னால் வருவது ஏற்பாடு. செலவாகும் என்பார்கள். ஒரு கம்பத்து ஒலிபெருக்கியின் விலையையும், ஒரு தெருவில் வெள்ளம் கெடுத்துப் போகும் கட்டில், பெட்டி, சைக்கிள், தையல் இயந்திரம் இவற்றின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கூட்டிப் பார்க்கட்டும்.

சர்க்காரைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விடுவது யோக்கியமாகாது. கைக்கு வந்த செய்தியை, எந்த ஊர், எந்தத் தேதி, யார் சொன்னது என்று பார்க்காமல் பத்துப் பேருக்குத் தள்ளிவிடுகின்ற பழக்கம் நம்மில் படித்தவர்களிடமே அதிகமாயிருக்கின்றது. இந்த மூன்று கேள்விக்கும் பதில் இல்லாத செய்தியை அனுப்புகின்றவன் உபகாரியல்ல. புரளிக்குக் கூலியில்லாத தூதன்.

ஆறு நம்மிடம் கடவுச்சொல் கேட்டுக்கொண்டு வருவதில்லை. கம்பெனிக்கும் சர்க்காருக்கும் சண்டை தீரட்டும் என்று காத்திருப்பதுமில்லை. ஆகையால் தோழர்களே! உங்கள் தெருவில் அடுத்த ஆடிக்குப் பந்தல் போட வசூலுக்கு வருகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "இந்தக் குழாய் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் எங்கே இருக்கும்? ஏரி உடைந்தால் இதில் பேசப் போகிறவர் யார்?" வார்டு கவுன்சிலரிடத்திலும் பஞ்சாயத்துத் தலைவரிடத்திலும் அதையே எழுத்து மூலமாய்க் கேளுங்கள். பதில் வருகிறவரையில் கேட்டுக்கொண்டேயிருங்கள். அம்மனுக்குக் காது கேட்பதற்காக அவ்வளவு உரக்கப் பாடுகின்ற ஊர், மனிதன் காது கேட்பதற்காக ஒரு தடவையாவது பேசட்டும்.